விரித்துப் போட்ட துணி

பெயிண்டர் உயிரோடு இருந்தவரை மனைவியிடம் சண்டை பிடித்தது ஒரே விஷயத்துக்குத்தான். “வார்னிஷ் துணிய சுருட்டிப் போடாதடி, தானா சூடேறிப் பத்திக்கும். விரிச்சுக் காயப்போடு!”

அவர் போன பிறகு முதல்முறையாக, ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு அவளே வாசற்கதவுக்கு வார்னிஷ் அடித்தாள். அலுப்பில் வார்னிஷ் துடைத்த துணியை மூலையில் சுருட்டி எறிந்தாள். டப்பாவை இறுக மூடி அலமாரியில் வைத்துவிட்டு வந்தால், அந்தத் துணி பின்கட்டுக் கொடியில் சுருக்கமில்லாமல் விரிந்து காய்ந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் மகள் ஆபீஸிலிருந்து வந்தாள். “நீயா காயப்போட்ட?” என்று கேட்டாள் அம்மா.

“நான் இன்னும் செருப்பே கழட்டலம்மா.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. “தப்புதான், போதுமா? போயும் விடமாட்டேங்கிறீங்களே!” என்றாள் கொடியைப் பார்த்து.

துணிக்குப் பக்கத்தில், கழுவிய ரப்பர் கையுறை ஒரு ஜோடி சொட்டிக்கொண்டிருந்தது. தன் கையில் மாட்டியிருந்ததை அம்மா இன்னும் கழற்றவேயில்லை.