வாசலில் அடைக்கலம்

“அடைக்கலம்ங்க, சாமி.”

யாரது என்று கேட்டதற்கு வாசலில் நின்ற ஆள் கும்பிட்டுக்கொண்டே சொன்ன பதில் இது. சாரங்கபாணி தெருவை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார்.

ஊரே கொதித்துக்கொண்டிருந்த நாற்பத்திரண்டாம் வருஷம். தந்திக் கம்பியை அறுத்தவர்களைப் போலீஸ் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் சல்லடை போட்டுத் தேடிக்கொண்டிருந்தது. அழுக்கு வேட்டி, முள்ளு முள்ளாகத் தாடி, தலையில் முண்டாசு. இந்த ஆள் எதற்கு வந்திருக்கிறான் என்று வாய்விட்டு வேறு கேட்க வேண்டுமா?

கதவைச் சாத்தக் கை தானாக எழுந்தது. பழகின கை அது. திங்கட்கிழமைதான் சொந்தத் தங்கை பிள்ளை இதே வாசலில் நின்று, “மாமா, போலீஸ் தேடறது. ரெண்டு நாள் இருந்துட்டுப் போயிடறேன்” என்று கெஞ்சினான். “உபன்யாசம் பண்றவன் ஆம்டா இது. நாலு பெரியவா வந்து போற இடம். வேற எங்கேயாவது போ” என்று சாத்திவிட்டார். அன்று சாயங்காலமே மண்டபத்தில் உட்கார்ந்து, ராமர் விபீஷணனுக்கு அபயம் தந்த கட்டத்தைச் சொல்லித் தானும் அழுது, கூட்டத்தையும் அழவைத்தார். சால்வை கூடப் போர்த்தினார்கள்.

அந்தச் சால்வை அன்றிலிருந்து உடம்பெல்லாம் அரித்துக்கொண்டிருந்தது. பாவம், பிள்ளை எங்கே கிடக்கிறானோ, சாப்பிட்டானோ இல்லையோ! போகட்டும், பகவான் இன்னொரு சந்தர்ப்பம் தந்திருக்கிறார். எழுந்த கையை இறக்கினார்.

“யாருன்னா வாசல்லே?” என்று உள்ளேயிருந்து கேட்டாள் வத்ஸலா.

“சரணாகதிடி! அடைக்கலம்னு வந்திருக்கான்!”

“சாமி, நான் எதுக்கு வந்தேன்னா...” என்று அந்த ஆள் ஆரம்பித்தான்.

“சொல்லப்படாது! ஏன் வந்தே, என்ன பண்ணினேன்னு ராமர் கேட்டாரோ? சுக்ரீவன்னா சந்தேகப்பட்டான்! நான் சுக்ரீவன் இல்லே.” திங்கட்கிழமை சுக்ரீவனே தேவலை என்கிற மாதிரி நடந்துகொண்டது நினைவுக்கு வந்தது. குரலை இன்னும் உயர்த்தினார். “உள்ளே வாப்பா!”

மடி, ஆசாரம் எல்லாம் ஒரு பக்கம் இழுத்தன. ராமர் வேடன் குகனைக் கட்டியே பிடித்துக்கொண்டார். சாரங்கபாணிக்கு அவ்வளவு தைரியம் வரவில்லை. தோளைத் தொட்டு உள்ளே இழுத்துக் கதவைத் தாழ் போட்டார்.

“பயப்படாதே. போலீஸ் வந்தா என் பிணத்தைத் தாண்டித்தான் வரணும். வத்ஸலா, இவனைப் பரண்லே ஏத்தி விடு. ஈ காக்கைக்குத் தெரியப்படாது!”

சமையற்கட்டில் பித்தளைச் சொம்பு விழுந்து உருண்டது. வத்ஸலா ஓடிவந்து பரண் ஏணியை மறித்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது, கண் கலங்கியிருந்தது. கல்யாணமான நாளாக அவர் பேச்சைக் கேட்டு அவள் கண் கலங்கியதே இல்லை. சாரங்கபாணிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“பரண் வேண்டாம்னா! ஒரே எலி!”

“எலிக்குப் பயந்துண்டா தர்மம் பண்றது?”

“பெரிய எலின்னா...” அவள் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அந்த ஆள் அவளைப் பார்த்தான். ஏணியடியில் மூடி வைத்திருந்த தயிர்சாதத் தட்டையும் பார்த்தான். பிறகு முண்டாசை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

“மன்னிச்சுக்கணும் சாமி. அடைக்கலம்கிறது என் பேருங்க. காட்டூர்க்காரன். மப்டியில வந்திருக்கிற கான்ஸ்டபிள். உங்க தங்கச்சி மகன் ஸ்ரீனிவாசராகவன் இங்கே இருக்காரான்னு பார்த்துட்டு வரச்சொல்லி உத்தரவுங்க.”

சாரங்கபாணி இரண்டடி பின்வாங்கினார். பிணத்தைத் தாண்டி வருவதாவது! பிணமே எதிரில் நின்று வேர்த்துக்கொண்டிருந்தது.

“அவன்... அவன் இங்கே இல்லேப்பா. திங்கட்கிழமை வந்தான். நான்தான் துரத்திட்டேன். பாவி, ஒரு வாய் தீர்த்தம் கூடக் குடுக்கலே.” சொல்லும்போதே அழுதுவிட்டார். மண்டபத்தில் அழுத அழுகை இல்லை இது.

“நீங்க பொய் சொல்லலைன்னு முகத்துலேயே தெரியுதுங்க. அப்படியே எழுதிடறேன்” என்றான் அடைக்கலம். வாசல்வரை போனவன் திரும்பினான். “அம்மா, நாளைக்கு வேற ஆளுங்க வருவாங்க. அவங்க பரண் மேலே ஏறிப் பார்ப்பாங்க. எலியை இன்னிக்கே கிளப்பிடுங்க. உப்பிலியபுரம் பக்கம் வயக்காட்டுல விட்டா பொழச்சுக்கும். போயிட்டு வரேங்க.”

வத்ஸலா கைகூப்பினாள்.

கதவைச் சாத்திய பிறகுதான் சாரங்கபாணிக்கு மூச்சு வந்தது. மூச்சோடு பேச்சும் வந்தது. “பார்த்தியோ! ராமகதை கேட்டுக் கேட்டுப் போலீஸ்காரனுக்கு எலி மேலே கூடக் கருணை வந்துடுத்து. வயக்காடாம், விடணுமாம்! பாஷாணம் வச்சா ஒரே ராத்திரியிலே போச்சு.”

வத்ஸலா அவரைப் பார்க்கவே இல்லை. கூப்பிய கையோடு அண்ணாந்து, “ராகவா! போதும், இறங்கி வா!” என்றாள்.

“ஆமாம், நீ கூப்பிட்ட உடனே இறங்கி வந்துடுவார் பெருமாள்!” என்று சிரித்தார் சாரங்கபாணி.

பரணிலிருந்து முதலில் இரண்டு கால்கள் இறங்கின. பின்னாலேயே தங்கை பிள்ளையின் குரல் வந்தது: “மாமா, பாஷாணம் மட்டும் வச்சுடாதீங்கோ!”