வாசலில் கழற்றிய சப்பாத்து

எட்மண்டன் வீட்டின் வாசலருகே இருந்துதான் யோகேந்திரன் ஒன்லைனில் விற்ற சப்பாத்துகளைப் பெட்டியிலிடுவார். வீட்டார் சப்பாத்துக் கழற்றுவதும் அங்கேதான். உருக்குலையாதிருக்க உள்ளே பழைய பேப்பரைக் கசக்கித் திணிப்பார், காசு மிச்சம்.

கூரியர் வான் வந்து பெட்டிகளை ஏற்றிப் போனபிறகு மனைவி வதனி கேட்டாள்: "இஞ்சருங்கோ, உங்கட சப்பாத்து எங்கை?"

"ஐயோ, அதுக்கையும் பேப்பரைத் திணிச்சு, சேர்த்து அனுப்பிப்போட்டன் போலகிடக்கு."

எழும்பப் பார்த்தார். கால்விரல்களை அசைக்க ஏலவில்லை. வெறுங்காலைச் சுற்றிப் பேப்பர் சரசரத்தது. குனிந்து பார்த்தால் ஒன்றுமில்லை. டொக்டரும் ஒரு குறையும் காணவில்லை. யோகேந்திரன் கதிரையிலேயே கிடந்தார்.

ஒரு மத்தியானம், விரல்களுக்கிடையிலிருந்து யாரோ பேப்பரை உருவுவது தெரிந்தது. விரல்கள் அசைந்தன.

"வதனி, விட்டிட்டுது!" என்று எழும்பினார்.

அப்போது, அவருடைய கால் இருந்த இடத்திலேயே குளிர்ந்த இன்னொரு கால் நுழைந்தது. பிறகு யாரோ லேஸை இறுக்கிக் கட்டினார்கள்.