பச்சை தெரியக் கூடாது

“நல்லா இருக்கியா?”

வெண்மதி கேட்டது, ஐஸ் பெட்டியில் வந்திறங்கிய சின்ன பாட்டிலிடம். உள்ளே உப்புநீரில் நூல்துண்டு போல ஒரு சதை. ‘பிரபாகர், வயது 41, கடத்தூர், கிட்னி பயாப்சி’ என்று மேலே ஒட்டியிருந்தது.

பிரபாகர் அவளுடைய வீட்டுக்காரராக இருந்தவர். படுத்த படுக்கையாகக் கிடந்தவர், உடம்பு தேறியதும் இன்னொருத்தியோடு போய்விட்டார். மூன்று வருஷமாக வெண்மதிக்கு வீட்டிலும் தனிமை, தர்மபுரியில் இந்த லேபிலும் தனிமை. பேச்சுத் துணைக்குப் பாட்டில்கள்தான்.

லேப் டாக்டர் மாதவராஜ் எட்டிப் பார்த்தார். “என்னம்மா, மூஞ்சியே சரியில்ல?”

“தலைவலிங்க சார்.”

“டிராயர்ல வலி மாத்திரை இருக்குது, போட்டுக்க.”

“வேணாங்க சார். நான் வலி மாத்திரையே போடக் கூடாதுங்க.” தண்ணீரை மட்டும் மடக் மடக்கென்று குடித்தாள்.

சதையை ஜெல்லில் பதித்து உறைய வைத்தாள். குளிர்ப்பெட்டிக்குள் இருந்த கத்தி அதை மெலிசாகச் சீவியது.

சீவலை ஸ்லைடில் ஒட்டி, கழுவி, சாயத்தைச் சொட்டு விட்டாள். வெளிச்சம் பட்டால் சாயம் கெட்டுவிடும். விளக்கை அணைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மைக்ராஸ்கோப்பில் பச்சையாக மின்னினால், மாற்றி வைத்த கிட்னியை உடம்பே ஏற்காமல் விரட்டுகிறது என்று அர்த்தம். இருட்டாகவே இருந்தால் பிழைத்தது.

“பச்சை மட்டும் காட்டிடாத சாமி,” என்று ஸ்லைடிடம் கெஞ்சினாள்.

நேரமானதும் டாக்டர் வந்து குனிந்து பார்த்தார். “அடடா, பச்சைப் பசேல்னு இருக்குதே! இது தேறுறது கஷ்டம்மா.”

வெண்மதி உடைந்துபோய் அழுதாள். டாக்டர் பதறிப்போய், மேஜையில் இருந்த சீட்டை எடுத்துப் பேரைப் படித்தார்.

“பிரபாகர், கடத்தூர்... உன்னை வுட்டுட்டுப் போன அந்த ஆளாம்மா?”

“ஆமாங்க சார்.”

“நல்லா இருக்குது போ! அந்த ஆளுக்காகவா இன்னும் அழுவுற?”

வெண்மதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அவருக்காக இல்லீங்க சார். என் உடம்புல இருந்த வரைக்கும் இந்தக் கிட்னி நல்லாத்தாங்க இருந்துச்சு.”