கண் போன பக்கம்

பட்டுக்கடையில் முப்பது வருடமாகப் புடவை விரித்துப் போடும் கோதண்டபாணி, வருகிறவர்களின் வாயை நம்ப மாட்டார். பார்வை ஒரே இடத்தில் நின்றாலும், மனம் கிடக்கும் பக்கம் கருவிழி மயிரிழை அளவு துள்ளும். அதைப் பார்த்தே விற்பார்.

"மூளையோட கவனம் எந்தப் பக்கமோ, கண்ணு அந்தப் பக்கம் தானா துள்ளும்" என்று புடவை வாங்க வந்த கண் டாக்டரே ஒருமுறை சொல்லியிருந்தார்.

இன்று முகூர்த்தப் புடவை. மாப்பிள்ளை கலைவாணன் அரக்குப் பட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வலப்பக்கம் மணப்பெண் தேன்மொழி, இடப்பக்கம் அவள் தங்கை. கருவிழி இடப்பக்கமே துள்ளியது.

"வெளிச்சம் பத்தல. ரெண்டு பேரும் இடம் மாறி உக்காருங்கம்மா."

அக்காவும் தங்கையும் இடம் மாறினார்கள். இப்போது வலப்பக்கம் துள்ளியது.

"இதையே எடுத்துடலாமா, மாப்பிள்ளை?"

"எடுத்துடலாம்" என்றான், புடவையிலிருந்து கண்ணெடுக்காமல்.

அவன் பில் போட எழுந்து போனதும் தேன்மொழி கோதண்டபாணி பக்கம் குனிந்து கிசுகிசுத்தாள்.

"அப்பா, கண்ணைப் பாத்தே மனசைச் சொல்லிடுவியே. அவருக்கு என்னைப் புடிச்சிருக்குதா?"

ஐயம்பேட்டை முழுக்கப் பத்திரிகை கொடுத்தாயிற்று. நிமிர்ந்தால் தன் கண்ணும் சின்ன மகள் பக்கம் துள்ளிவிடும்.

"ரொம்பப் புடிச்சிருக்குதும்மா" என்றார் கோதண்டபாணி, புடவையிலிருந்து கண்ணெடுக்காமல்.