சாட்சிச் சேலை

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஞானப்பூ அம்மாள் வீட்டுக்கு நான் அந்த நீலச் சேலையில்தான் போக வேண்டும். கட்டாயம் என்று யாரும் சொன்னதில்லை. ஒரே ஒரு வருஷம் வேறு சேலையில் போனபோது நாலு பேர், "அது கிழிஞ்சு போச்சா?" என்று கேட்டார்கள்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் அம்மாளின் மூத்த மகன் ஜெபசிங் கதையை ஆரம்பித்தார். இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆராதனைக்கு மணி அடிக்கிற நேரம், கோயில் வாசலில் கொட்டும் மழையில் நின்ற என்னை அம்மாள் வீட்டுக்கு அழைத்துவந்து, மடிப்புக் கலையாத தன் புதுச் சேலையைக் கொடுத்துவிட்டு, பழைய சேலையில் கோயிலுக்குப் போன கதை. அன்று தூறல்தான். கதையில் மழை வருஷத்துக்கு வருஷம் வலுத்துக்கொண்டே போகிறது.

"ஆண்டவரே அனுப்பின மாதிரி இருந்துச்சாம் அம்மாவுக்கு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தைத்துத் தைத்துத் தடித்துப்போன முந்தானையை வழக்கம்போலக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அழுகை வராமல் போய்ப் பல வருஷம் ஆகிறது.

அம்மாளுக்கு இந்த வருஷம் யாரையும் அடையாளம் தெரியவில்லை. கதையைப் புதிதாகக் கேட்பவர்போலக் கேட்டுவிட்டு, "அந்தப் புள்ள அன்னைக்குச் சாப்ட்டாளா?" என்றார்கள்.

ஜெபசிங் மனைவியைப் பார்த்தார். அவள், "கதைல அது வராதே, அத்த," என்றாள்.

அம்மாள் தன் தட்டிலிருந்து ஒரு முந்திரிக்கொத்துப் பலகாரத்தை எடுத்துத் தாளில் சுற்றினார்கள். வெகுநேரம் ஆயிற்று. பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் அதை நீட்டினார்கள்.

"அவ வந்தா குடுத்துரு. மறந்துராத."