காகிதம் தொடாத அலுவலகம்

மேலதிகாரி வருகிறார் என்றதும் கண்காணிப்பாளர் அம்மாவுக்குக் காலையிலிருந்தே ஒரே பரபரப்பு. இருக்காதா பின்னே? அவருடைய பதவி உயர்வு அந்த மனுஷன் கையில்தான் இருந்தது. வந்தவரோ வாயெல்லாம் பல்லாக நின்றார்.

“மறுசுழற்சிக் காகிதம் வாங்குங்க, ரெண்டு பக்கமும் அச்சடிங்கன்னு எல்லா ஆபீசுக்கும் தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்தர் காதுலயும் ஏறல. நீங்க ஒரு தாளைக்கூடத் தொடலையே! எப்படிம்மா?”

“ஸ்டாஃப் ஒத்துழைப்புதான் சார்” என்று அம்மா அசடு வழிந்தார். பின்னால் நின்ற டைப்பிஸ்ட் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பதவி உயர்வுக்கு உங்க பேரைத்தான் சொல்லப்போறேன். ரகசியத்தை மட்டும் சொல்லிடுங்க.”

பேசாமல் இருந்திருக்கலாம். பாழாய்ப்போன மனசு உறுத்தியதே!

“பிரிண்டர் ரிப்பேர் சார். ஆறு மாசமா படுத்திருக்கு.”

“அடக் கடவுளே! சொல்ல வேண்டியதுதானே?”

“ஈமெயில்ல சொன்னோம் சார். புகாரை அச்சடிச்சுக் கையெழுத்து போட்டு அனுப்பினாத்தான் ஆளை அனுப்புவோம்னு உங்க ஆபீஸ்லயே சொல்லிட்டாங்க. வெளிக்கடையில அடிச்சா செல்லாதாம்.”

பதவி உயர்வு போயே போச்சு என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

மேலதிகாரி போய்க் கதவைச் சாத்தினார்.

“இத நீங்களும் சொல்லல, நானும் கேக்கல. முன்மாதிரி அலுவலகம்னு மந்திரி வரைக்கும் சொல்லிட்டேன். நாளைக்கு எல்லா ஆபீஸ்காரங்களும் உங்ககிட்ட கத்துக்க வராங்க. அதுக்குள்ள எந்தப் புண்ணியவானும் அந்த பிரிண்டரைச் சரிபண்ணிடாம பாத்துக்குங்கம்மா!”