பதிமூன்றாம் எண் சீட்டு

மரணச் சீட்டை மேலிருந்து மூன்றாவதாகச் செருகிவிட்டு, சீட்டுக்கட்டைத் தட்டி நேராக்கினாள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மணி நாலு. பிக்பாக்கெட் அடித்துவிட்டு பஸ்ஸில் நிற்பவள் மாதிரி முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள்.

உண்மையைச் சொல்வதற்குத்தான் இந்தத் திருட்டுத்தனம்.

ஏழு வருஷமாக டாரட் சீட்டுப் பார்த்துக் குறி சொல்கிறாள். தொழில் ஆரம்பித்த அன்றே அந்தப் பதிமூன்றாம் எண் மரணச் சீட்டை உருவி மேஜை டிராயரில் போட்டுவிட்டாள். எழுபத்தெட்டு இருக்க வேண்டிய இடத்தில் எழுபத்தேழுதான் இருந்தது. ஒருத்தரும் எண்ணிப் பார்த்ததில்லை. மனசொடிந்து வருகிறவர்களிடம் எலும்புக்கூட்டுப் படத்தை நீட்ட அவளுக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த இரக்கத்துக்குப் போன வாரம் சரியான அடி விழுந்தது. அவளிடம் பலமுறை சீட்டுப் பார்த்த துணிக்கடைப் பெண் வந்து எதிரே உட்கார்ந்தாள். சீட்டை எடுக்கச் சொல்லவில்லை.

"எங்கம்மாவுக்குச் சரியாயிடும்னு சொன்னீங்க. நானும் நம்பி லீவு போடாம வேலைக்குப் போயிட்டிருந்தேன். கடைசியில பக்கத்துல யாருமே இல்லாமப் போயிட்டாங்க."

சண்டை போட்டிருந்தாலாவது பதிலுக்கு ஏதாவது பேசியிருக்கலாம். சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அன்றிலிருந்து இவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கண்ணை மூடினால் வியாழக்கிழமை டிரைவர்தான் வந்து நின்றார்.

முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு வருஷமாக வியாழன் தவறாமல் நாலு மணிக்கு வருகிறார்; ஒரு நிமிஷம் முன்னே பின்னே கிடையாது. கேட்பதும் ஒரே கேள்விதான். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் மனைவி எழுந்து வீட்டுக்கு வருவாளா? முதல் நாள் அவர் நோயின் பெயரைச் சொன்னபோதே வரமாட்டாள் என்று இவளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் வாரா வாரம், "வருவாங்க சார்" என்று பூசி மெழுகி அனுப்பிவைத்தாள்.

ஆரம்பத்தில் போனை மேஜை மேல் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்களோ என்று அதையே பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது பல மாதங்களாக அதைக் கொண்டுவருவதே இல்லை. நம் பேச்சை நம்பி மனுஷர் அசட்டையாக இருந்துவிட்டாரே என்று நினைத்தாள். துணிக்கடைப் பெண்ணுக்கு நடந்தது இவருக்கும் நடந்துவிடக் கூடாது.

டிரைவர் உள்ளே வந்தார். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"எப்படி இருக்காங்க சார்?"

"நீ சீட்டைப் பாரும்மா. நீ சொன்னாதான் எனக்குத் தெரியும்."

சீட்டுக்கட்டின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடித் திறந்தார். முதல் சீட்டைத் திருப்பினாள். சூரியன்.

"அட, பரவாயில்லையே. வீட்டுக்கு வந்ததும் கட்டிலை ஜன்னல் பக்கமா போட்டுடணும். அவளுக்கு வெளிச்சம் இல்லன்னா ஆகாது."

இரண்டாவது சீட்டில் ஓர் ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு கிண்ணத்தோடு நின்றார்கள். அவர் குனிந்து பார்த்துச் சிரித்தார். "இது நாங்கதான். அவதான் குட்டை."

மூன்றாவதைத் திருப்பினாள். வெள்ளைக் குதிரையில் எலும்புக்கூடு.

டிரைவரின் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. 'இதுக்கு சாவுன்னு அர்த்தமில்ல சார், மாற்றம்னு அர்த்தம்' என்று தொழிலில் எல்லோரும் சொல்லும் சமாளிப்பு அவளுக்கு நுனிநாக்கு வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். மேஜையின் குறுக்கே கையை நீட்டி அவர் கையைப் பிடித்தாள்.

"சார், இத்தனை நாளா நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டிருந்தேன். அவங்க பிழைக்க மாட்டாங்க. எனக்கு முதல் நாளே தெரியும். மன்னிச்சிடுங்க."

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை நாள் நல்லபடியாதானே சொல்லிட்டிருந்தே," என்றார் மெதுவாக. "இன்னிக்கு எதுக்கும்மா இப்படி?"

"உங்க நல்லதுக்குத்தான் சார். இனிமே இங்க வராதீங்க. இங்க வந்து உக்கார்ற நேரத்துக்கு அவங்க பக்கத்துல போய் உக்காருங்க. கையைப் பிடிச்சுக்கிட்டு நாலு வார்த்தை பேசுங்க. இருக்கிற கொஞ்ச நாளையும் விட்டுட்டா அப்புறம் எவ்வளவு அழுதாலும் கிடைக்காது."

சொல்லி முடித்ததும் அவளுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அழுகை வந்தாலும், ஏழு வருஷத்தில் முதல் தடவையாக யோக்கியமாக ஒரு வேலை செய்தோம் என்றுகூடத் தோன்றியது.

டிரைவர் மூன்று சீட்டையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தார். எழுந்து கதவு வரை போனவர், எந்தப் பக்கம் போவது என்று தெரியாதவர் போல அங்கேயே நின்றார்.

"அவ போய் எட்டு மாசம் ஆச்சும்மா. இந்த ரூம்ல மட்டும்தான் உயிரோட இருந்தா."